முத்திரை தெரியணும்

எங்கள் கல்லூரியின் இணையதளத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. அதை நடத்துகிறவன் நானே என்பதால் பழியை வேறு யார் தலையிலும் கட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. பதினோரு வருடமாகக் கல்லூரி அலுவலகத்தில் என் வேலை, மேசைக்கு வருகிற காகிதத்தை ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றுவது. ஆனால் நான் சொல்ல வந்தது ஜீரோ அக்காவைப் பற்றி.

கல்லூரிக்குள் எந்தப் போனை எடுத்துப் பூஜ்யத்தை அழுத்தினாலும் அக்காவின் குரல்தான் வரும். அதனால் அந்தப் பெயர். வைத்தவன் யாரோ, அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நான் இல்லேன்னா உங்க யாருக்கும் வெளியுலகமே கிடையாது, ஞாபகம் வச்சுக்கங்க" என்பார். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. மாடிப்படிக்குக் கீழே, வாளியும் துடைப்பமும் வைக்கிற அறையைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. "அவங்களுக்கு எதுக்கு ஜன்னல்?" என்று ஒருவர் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். காற்று வர என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அந்த அறையில் இருபத்துநான்கு வருடம். முந்நூற்றுச் சொச்சம் எண்களும் மனப்பாடம். 'ஹலோ' என்ற ஒரு வார்த்தையிலேயே யாருக்கு ஜலதோஷம், யார் வீட்டில் சண்டை என்று கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததை வெளியே விடமாட்டார். மேசையில் ஒரு பழைய கணினி. திரையில் இருக்கும் எழுத்தைச் சத்தமாக வாசிக்கும் மென்பொருளை அவரே விசாரித்துப் போட்டுக்கொண்டார். தினமும் காலையில் கைப்பையை ஆணியில் மாட்டியதும் முதல் வேலை, எங்கள் தளத்தின் அறிவிப்புப் பக்கத்தைத் திறப்பது. மென்பொருள் வாசிக்கும்: "படம். படம். படம்."

அதற்குக் காரணம் எங்கள் மேலாளர். சுற்றறிக்கையைக் கணினியில் தட்டச்சு செய்வோம். அதை அப்படியே தளத்தில் போட்டால் மென்பொருள் கடகடவென்று வாசித்துவிடும். ஆனால் மேலாளருக்கு அது ஆகாது. அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையைக் குத்தி, அந்தக் காகிதத்தை ஸ்கேன் செய்துதான் ஏற்ற வேண்டும். "முத்திரை தெரியணும்யா. இல்லேன்னா எவன் நம்புவான்?" எழுத்து கோணலாக வரலாம், பாதி மங்கலாம், முத்திரை மட்டும் பளிச்சென்று இருக்க வேண்டும். இப்படிப் படமாகப் போன எழுத்தை எந்த மென்பொருளாலும் வாசிக்க முடியவில்லை.

"தம்பி, படத்த ஏத்தும்போது பின்னாடி ஒரு பெட்டி வருமே" என்று அக்காதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "அதுல இன்ன அறிவிப்பு, இன்ன தேதின்னு ரெண்டு வரி அடிச்சா போதும். பாக்குறவங்களுக்கு அது தெரியாது. எனக்கு மட்டும் கேக்கும்."

"அடுத்த வாரத்துலேந்து பண்ணிடலாம்கா" என்றேன். மூன்று வருடம் அந்த அடுத்த வாரம் வரவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். அப்பட்டமான பொய். தினமும் மதியம் ஒரு மணி நேரம் நான் சீட்டாட்டம் ஆடியது அறிவிப்பு ஏற்றுகிற அதே கணினியில்தான்.

அலுவலகக் கண்காணிப்பாளர் பதவிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உள்தேர்வு நடக்கும். வேலை செய்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் எழுதலாம், நாற்பத்தெட்டு வயது தாண்டக் கூடாது. அக்காவுக்கு நாற்பத்தேழு. இந்த முறை விட்டால் ஓய்வு பெறும்வரை படிக்கட்டுக்கு அடியில்தான். அதற்கு அவர் இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அண்ணன் வீட்டில்தான் வாசம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அண்ணி அலுவலக விதிப் புத்தகத்தைப் படிக்க, அக்கா போனில் பதிவு செய்துகொள்வார். அண்ணி சும்மா படிக்கிற ஆள் இல்லை. "விதி பதினேழு. முன் அனுமதியின்றி எடுத்த விடுப்பு ஊதியமற்ற விடுப்பாகும். இதென்ன அநியாயம், காய்ச்சல் அனுமதி கேட்டுட்டா வரும்?" இப்படி இருநூறு விதிகளும் அண்ணியின் வசவுகளோடு அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம்.

தேர்வு அறிவிப்பு மூன்றாம் தேதி என் மேசைக்கு வந்தது. முத்திரை குத்தி, கோணலாக ஸ்கேன் செய்து, பெட்டியைக் காலியாக விட்டு ஏற்றினேன். விண்ணப்பிக்கக் கடைசி நாள் பதினைந்து. நானும் விண்ணப்பித்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். எழுதப்போவது வெளியே தெரிய வேண்டாம் என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. பன்னிரண்டு நாளும் அவர் அறையைக் கடந்துதான் நான் டீ குடிக்கப் போயிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எழுதுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேனா? போட்டிக்கு ஆள் குறைவாக இருந்தால் நல்லது என்றுதான் அப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் தேதி போனை எடுத்துப் பூஜ்யத்தை அழுத்தினேன். "அக்கா, தேர்வுப் பிரிவுக்குக் குடுங்க. ஹால் டிக்கெட் எப்ப வரும்னு கேக்கணும்."

"எந்தத் தேர்வு, தம்பி?"

சொன்னேன். கடைசி நாள் எது என்று கேட்டார், பதினைந்தோடு முடிந்துவிட்டது என்றேன். பிறகு, "குடுக்குறேன்" என்றார். இணைப்பு வந்தது. இருபத்துநான்கு வருடத்தில் அவர் ஒரு அழைப்பைக்கூடத் தவறவிட்டதில்லை, அன்றும் விடவில்லை.

மத்தியானம், தன் விண்ணப்பத்தை இப்போதாவது வாங்கிக்கொள்ளச் சொல்லி மேலாளரிடம் வந்து நின்றார். "முறைப்படி தளத்துல போட்டாச்சும்மா. பாக்காதது உங்க தப்பு" என்றார் மேலாளர். பார்வையில்லாதவரிடம் அந்த ஆள் சொன்ன வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு ஈரப் பஞ்சில் முத்திரையை ஒற்றிக்கொண்டிருந்தார். அக்கா என் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. நானும் இருமக்கூட இல்லை.

தேர்வு நடந்தது. பதவி எனக்குக் கிடைத்தது. கை வைத்த நாற்காலி. என் இடத்துக்கு ஆள் போடாததால் தளமும் என் தலையிலேயே.

அடுத்த மாதம் ஓர் ஆய்வுக் குழு வந்தது. உடல் குறைபாடு உள்ளவர்களும் எளிதாகப் பயன்படுத்துகிற தளங்களுக்கு அவர்கள் சான்றிதழ் கொடுப்பார்கள். மேலாளர் ஒரு நீலப் பொத்தானை வாங்கி முகப்பில் ஒட்டச் சொன்னார். அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், ஒரு பெண் குரல் பேசும். அக்காவை உட்காரவைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கண்ணாடி வேறு கொண்டுவந்தார்கள்.

"போட்டோவுல அப்பதாம்மா தெரியும்" என்றார் மேலாளர்.

"என் மூஞ்சி இருக்குறபடியே இருக்கட்டும் சார்" என்றார் அக்கா.

குழு சுற்றி நின்றது. அக்கா அறிவிப்புப் பக்கத்தைத் திறந்தார். அவருடைய மென்பொருள் "படம், படம்" என்றது. அதன் மேலேயே பொத்தான்காரி "வருக, வருக" என்று கத்தினாள். இரண்டு குரலும் மோதி ஒன்றும் விளங்கவில்லை.

"அந்தப் படத்துல எல்லாம் என்னம்மா இருக்கு?" என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"தெரியலயே சார். நானும் அதத்தான் பதினோரு வருஷமா கேட்டுட்டு இருக்கேன்."

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா எப்பவும் இப்படித்தான், தமாஷ்!" குழுவும் சிரித்தது. பல்லைக் காட்டியவர்களில் நானும் ஒருவன். பிறகு எல்லோரும் பிஸ்கட் சாப்பிடப் போனார்கள். பத்தாம் நாள் சான்றிதழ் வந்தது. தூ!

அதை முகப்பில் ஏற்ற வேண்டியவன் நான். ஸ்கேன் செய்தேன். பின்னால் அந்தப் பெட்டி வந்தது. முதல்முறையாக அதில் எழுதினேன். "பார்வையற்றவர்களுக்கும் ஏற்ற தளம் என்ற சான்றிதழின் படம். இதே தளத்தில் தேர்வு அறிவிப்பைப் படிக்க வழியில்லாமல் ஒருவர் தன் கடைசி வாய்ப்பை இழந்தார். அதை அப்படி ஏற்றியவன் நான். அந்தப் பதவியில் இருப்பவனும் நான். மன்னித்துக்கொள்ளுங்கள், அக்கா." எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை போன் அடித்தது.

"படிச்சேன், தம்பி."

"அக்கா..."

"நடந்தது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சவகிட்டயே எதுக்கு ரகசியமா சொல்றீங்க? நாலு பேர் கண்ணுல படுற எடத்துல எழுதுங்க. முடியாதுன்னா இதையும் அழிச்சிடுங்க." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "மேலாளர் லைன்ல இருக்காரு. குடுக்கட்டுமா?"

"குடுங்கக்கா" என்றேன்.

புதிதாக ஒரு சுற்றறிக்கை வருகிறது, உடனே ஏற்ற வேண்டும் என்றார் மேலாளர். "முத்திரை தெரியணும், மறந்துடாத."

"சரிங்க சார்" என்றேன்.