இழுத்துக்கிட்டே போன படகு

போர்க்காலத்தில் கடற்படையின் இழுவைப் படகு ஒன்றில் வேலை பார்த்தவர் என் அப்பா. அடிபட்ட கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்கு இழுத்து வருவதுதான் அதன் வேலை. கடலே இல்லாத திருச்சியில் இதை யாரிடம் சொல்ல? எல்லோரிடமும் சொல்வார். வாயைத் திறந்தாலே எங்கள் தெருவில், "இழுவை கிளம்பிருச்சு" என்பார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது நான்தான். வருத்தமெல்லாம் இல்லை.

இந்த ஆடி அமாவாசைக்கு அந்தப் படகுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "கூட இருந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. நானும் போயிட்டா அதுக்கு யாரும்மா இருக்கா?"

தலையில் அடித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கு ஆட்டோ பிடித்தேன். படித்துறையில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். சாஸ்திரிகள் நிமிராமலே கேட்டார்.

"யாருக்கு? பேர் சொல்லுங்கோ."

"பேர் கிடையாதுங்க, நம்பர்தான்."

இரைச்சலில் அது அவர் காதில் விழவில்லை. "எப்படிப் போனா?"

"கடைசிவரைக்கும் இழுத்துக்கிட்டே இருந்துச்சுங்க."

"ஐயோ பாவம். வயசு?"

"பன்னெண்டு."

சாஸ்திரிகள் நிமிர்ந்தார். கண் கலங்கிவிட்டது. "குழந்தையா!"

"இரும்புங்க," என்றார் அப்பா.

விஷயம் புரிந்ததும் தர்ப்பைக் கட்டைப் பொத்தென்று கீழே வைத்தார். "படகுக்கெல்லாம் தர்ப்பணம் கிடையாது. அதுல செத்தவா பேரைச் சொல்லுங்கோ."

"யாரும் சாகலைங்க. கரை தெரியற வரைக்கும் இழுத்துச்சு. படகுக்குள்ள தண்ணி ஏறவும் நாங்க அது இழுத்துட்டு வந்த கப்பலுக்கு மாறிட்டு, கயித்தை வெட்டிவிட்டோம். அது மட்டும் தனியா முங்கிப்போச்சு."

அரை மணி நேரம் இழுக்கிற கதை. அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னார்.

சாஸ்திரிகள் இறங்கி வந்தார். "சரி, உறவுன்னு ஒண்ணு சொல்லணுமே."

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத்தான் அப்போது உறைத்தது. அப்பாவுக்குக் கல்யாணம் ஆனதே அந்தப் படகு மூழ்கிய பிறகு. அது இவரைக் கரைசேர்க்காமல் இருந்திருந்தால் நான் ஏது?

"அப்பாவுக்கு அம்மா, சாமி. எனக்கு அப்பத்தா," என்றேன்.

சாஸ்திரிகள் எள்ளை எடுத்துக் கொடுத்தார்.

படியேறும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அப்பத்தா எவ்வளவு பெரிய கப்பலை இழுத்தா தெரியுமா?"

"தெரியாதுப்பா," என்றேன். "முதல்லேர்ந்து சொல்லுங்க."