தண்டவாளத்தில் மூன்று வெடி

அம்மா அதைப் பொங்கலுக்கு முந்தைய வாரம் என்பாள். இல்லை, வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள். இரவு முழுக்கக் கண்விழித்த சித்தி தூங்கிக்கொண்டிருந்ததால்தான், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அம்மாவுக்கான டீ பிளாஸ்க்கை நான் எடுத்துப்போனேன்.

அப்போது மாம்பலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவுக்குக் கீமேன் வேலை. பெண் பார்த்தாலும் வேலையின் பெயர் அதுதான். விடிந்ததும் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, கழன்ற கிளிப்புகளைச் சுத்தியலால் அடித்து இறுக்குவாள். அவள் பையில் தட்டையான தகர வில்லைகள் சில இருக்கும்.

"தொட்டேன்னா கை பூடும். இது தீபாவளி வெடி இல்ல" என்பாள்.

ரயிலைத் தகர்க்கும் வெடியை அம்மா எதற்குச் சுமக்கிறாள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

நடைமேம்பாலத்துப் படியில் நின்று கூப்பிட்டேன். அவள் குனிந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்பு அறுந்து, விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. மார்கழிக் குளிரில் இரும்பு சுருங்கும், உள்ளே விரிசல் இருந்தால் விட்டுப்போகும் என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

"கீழ எறங்காத! அங்கயே நில்லு!" என்று கத்திவிட்டு, போனைக் காதில் வைத்தபடி, சிவப்புக் கொடியோடு ஓடினாள். என்னை விட்டுவிட்டு ஓடுகிறாள் என்றுதான் நினைத்தேன். வளைவில் மறைந்தாள். அந்தப் பக்கமிருந்தே ரயிலின் ஹாரன் கேட்டது. பிறகு வெடி. இன்னொன்று. இன்னொன்று. அம்மா ரயிலைத் தகர்த்துவிட்டாள், அவளும் போய்விட்டாள். பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அலறினேன்.

அம்மாவோடு வேலை செய்யும் மாமா ஒருவர் ஆட்களோடும் கருவிகளோடும் ஓடிவந்தார். "இன்னா பாப்பா, டிரைவர் காதுல உழுந்து வண்டிய நிறுத்தணும்னு தண்டவாளத்துல வெச்ச வெடி அது. சக்கரம் ஏறுனா சத்தம் மட்டுந்தான். அதுக்கா அழுதுக்கினு கீற? தோ வருது பாரு உங்கம்மா, ரயிலை மெரட்டி ஒக்கார வெச்சிட்டு!"

பிளவின் இருபுறமும் இரும்புப் பட்டைகளை வைத்துக் கிளாம்பால் இறுக்கினார்கள். ரயில் ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு சக்கரமும் அந்த இடத்தில் 'டக்' என்றது. ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். வாசலில் தொங்கிய ஒருவர், "இன்னாம்மா, ஆபீசுக்கு லேட்டாவுது!" என்று கத்தினார். அம்மா பக்கத்திலேயே குந்தி, தலை நிமிராமல் பட்டையையே பார்த்திருந்தாள்.

கடைசிப் பெட்டியும் கடந்த பிறகு வந்து படியில் உட்கார்ந்தாள். டீ ஊற்றிக் கொடுத்தேன். அவள் கை நடுங்கிப் பாதி டீ மடியில் கொட்டியது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. அம்மாவுக்கு இன்னும் குளிர் விடவில்லை என்று நினைத்து, என் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினேன்.