தூங்கவிடாத வண்டி

அந்த மின்சார பிக்அப்பை நான் விரும்பி வாங்கியது அதன் முன்மூடிக்காகத்தான். எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் அதில் எஞ்சின் இல்லை. அகலமான ஒரு பெட்டி இருந்தது. முன் பூட் என்று சொல்லுவோம். சாவியில் உள்ள பொத்தானை அமத்தினால் மூடி தானாக உயரும். திரும்ப அமத்தினால் தானாக இறங்கிப் பூட்டிக்கொள்ளும். மார்பில் ஒப்பரேஷன் செய்து, அக்குளுக்குள் இருந்த கட்டிகளையும் வெட்டி எடுத்த பிறகு, என்னுடைய இடது கை தோளுக்கு மேலே எழும்ப மறுத்துவிட்டது. எந்தக் காரின் மூடியும் எனக்குப் பாரமாகிப் போனது. விற்பனை நிலையத்தில் அந்த மூடி சத்தமில்லாமல் எழும்பியதைப் பார்த்தபோது, என்னைப் போல ஒருத்தியை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

நான் தோட்டவேலை செய்கிறவள். கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் எங்கள் வீடு. காலையில் புல்வெட்டும் மெசினையும் கத்தரிகளையும் ஏற்றிக்கொண்டு லண்டனின் எந்த மூலைக்கும் போவேன். என் கணவருக்கு வீட்டுக்குக் கிட்டவே ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் வேலை. அதிகம் பேசாத மனிதர். எனக்குச் சிகிச்சை நடந்த காலம் முழுவதும் அவர்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். ஆனால் ஒருநாளும் உள்ளே வரவில்லை. கார் நிறுத்தும் இடத்திலேயே இருந்துவிடுவார்.

"உள்ளுக்கு வாங்கோவன். டொக்டர் சொல்லுறதை நீங்களும் கேக்கலாம்" என்று ஒருமுறை கூப்பிட்டேன்.

"பார்க்கிங் முடிஞ்சிடும். நீர் போயிட்டு வாரும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆட்டெலும்பு சூப் வைத்துத் தருவார். நோயின் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. "அந்த விசயம்" என்றுதான் சொல்லுவார். நான் திரும்பவும் வேலைக்குப் போகப்போகிறேன் என்றபோது, "கொஞ்ச நாள் பொறுக்கலாம்தானே" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் சூப் சட்டியைக் கழுவப் போய்விட்டார்.

அது நடந்தது சித்திரை மாதத்தில், தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில். பள்ளிக்கூடமொன்றில் சமையல் செய்து ஓய்வுபெற்ற ஒரு கரீபியன் அம்மாவின் பின்தோட்டம். புல்லை வெட்டி முடித்துவிட்டு, தண்ணீர் குடிக்கலாம் என்று தெருவுக்கு வந்து சாவியை அமத்தினேன். மூடி அசையவில்லை. இன்னொருமுறை அமத்தினேன். கதவும் திறக்கவில்லை. வண்டியில் ஒரு சின்ன வெளிச்சம்கூட இல்லை. குனிந்து வேலை செய்யும்போது விழுந்துவிடுகிறது என்பதற்காக போனை எப்போதும் முன் பெட்டிக்குள்தான் வைப்பேன். போன், மருந்துக் குளிசை, சாப்பாடு, மேற்சட்டை எல்லாம் அதற்குள்ளே. வலது கை விரல்களை மூடியின் இடுக்கில் கொடுத்து இழுத்துப் பார்த்தேன். மூடி அசையாமல் கிடந்தது. கையில்லாதவளுக்கென்று செய்த மூடி, கை இருந்தாலும் திறக்காது என்று அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்காரம்மா என்னைத் தன் குசினிக்குள் இருத்தி, தேத்தண்ணி தந்து, தன்னுடைய போனையும் நீட்டினார். பழுதுபார்ப்பவர்களின் இலக்கம் வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அவர்களை அழைத்தேன். கணவருக்கும் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தால், அவருடைய இலக்கம் எனக்குப் பாடமில்லை. இத்தனை வருடம் அவர் பெயரைத்தான் அமத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பரவாயில்லை, இந்த நேரத்தில் அவர் என்னைத் தேடமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த மெக்கானிக் எங்கள் ஆள். ஜேர்மனியில் வளர்ந்து பிறகு இங்கே வந்தவராம். வேலைச் சீட்டில் என் பெயரைப் பார்த்ததுமே, "அக்கா, நீங்கள் தமிழோ?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி. இவ்வளவு பெரிய பற்றரி வைச்சிருக்கிற வண்டி எப்பிடிச் செத்துப்போகும்? காலமைதான் சார்ஜ் போட்டு எடுத்தனான்."

"பெரிசு நல்லாத்தான் இருக்கும் அக்கா. இதுக்குள்ள சின்னப் பற்றரி ஒண்டும் இருக்கு. பூட்டு, கதவு, மூடி எல்லாத்துக்கும் அதுதான் கரண்ட் குடுக்கிறது. ஓடேக்கை பெரிசு அதைத் தாங்கும். நிப்பாட்டினாப் பிறகு அது தனியத் தாக்குப்பிடிக்க வேணும்."

வண்டியின் முன் பம்பரில் இருந்த ஒரு சிறிய வட்ட மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு வயர்கள் இருந்தன. கையோடு கொண்டுவந்த பற்றரி ஒன்றை அவற்றில் கொழுவினார். நான் சாவியை அமத்தினேன். முன்மூடி எழும்பியது.

போனை எடுத்தேன். திரை முழுக்க என் கணவரின் தவறிய அழைப்புகள். எங்கள் மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். திருப்பி அழைத்தேன். அவர் எடுக்கவில்லை.

மெக்கானிக் ஏதோ கருவியை வைத்துச் சோதித்துவிட்டு நிமிர்ந்தார். "சின்னப் பற்றரி முடிஞ்சுது. ஆனா வண்டி புதுசெல்லோ. அக்கா, போனிலை இதுக்கு ஒரு அப் இருக்கு. அதை அடிக்கடி திறந்து பாக்கிறனீங்களோ?"

"நான் திறக்கிறதே இல்லை."

"அப்ப வேற ஆரோ பாக்கினம். வண்டி நிண்டவுடனை நித்திரைக்குப் போக வேணும். எங்கை நிக்குது எண்டு போனிலை பாத்தா, அது முழிச்சுப் பதில் சொல்லும். திருப்பித் திருப்பி எழுப்பினா அந்தச் சின்னன் களைச்சுப்போகும்."

வாங்கிய அன்று அந்தச் செயலியை என்னுடைய போனிலும் கணவரின் போனிலும் போட்டுத் தந்தது என் மகள்.

மெக்கானிக் சாமான்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, தெருவின் முனையில் ஓட்டமும் நடையுமாக ஒருவர் வருவது தெரிந்தது. பெற்றோல் நிலையத்தின் சிவப்புச் சேட்டு போட்டபடி என் கணவர். ரயில் மாறி, பஸ் ஏறி வந்திருக்கிறார். வியர்த்து, முகம் வெளிறிப்போயிருந்தது. கிட்ட வந்து என் தோளைப் பிடித்தார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"ஏன் போன் எடுக்கேல்லை?"

"அது முன் பெட்டிக்குள்ள கிடந்தது. உங்களுக்கு என்ன நடந்தது?"

"வண்டி அப்பிலை காட்டேல்லை. தொடர்பில்லை எண்டு சொல்லுது. உமக்கு அடிச்சா நீரும் எடுக்கேல்லை. எங்கையோ விழுந்து கிடக்கிறீர் எண்டு..."

"ஸ்ட்ரெதமிலை நிக்கிறன் எண்டு நான் உங்களுக்குச் சொல்லேல்லையே."

"அப்பிலை கடைசியா இந்தத் தெருவைத்தான் காட்டினது" என்றார், நிலத்தைப் பார்த்தபடி. மெக்கானிக் தன் வான் வண்டிக்குள் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். தேம்ஸ் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தோம். எனக்குக் கோபம் வந்துகொண்டேயிருந்தது.

"நான் என்ன களவெடுக்கப் போறனோ, இப்பிடிக் காவல் இருக்கிறதுக்கு?"

"சீ, அதில்லை."

"அப்ப என்ன?"

"அப்பிலை தெரியிற புள்ளி அசைஞ்சா நீர் வண்டி ஓடுறீர் எண்டு தெரியும். நிண்டா வேலை செய்யிறீர். கன நேரம் நிண்டாத்தான் எனக்கு ஏலாது. திருப்பித் திருப்பிப் பாப்பன்."

"எனக்கு எப்பிடி இருக்கு எண்டு ஒருநாள் வாயாலை கேட்டனீங்களோ?"

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே சொன்னார். "கேட்டா நீர் ஏதும் சொல்லிப்போடுவீர் எண்டு பயம்."

என்னால் அதற்கு மேலே கோபப்பட முடியவில்லை. ஏனென்றால் சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. சில கிழமைகளாகவே முதுகெலும்பில் ஒரு வலி. குனிந்து வேலை செய்வதால் வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் அதைச் சொல்லவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தபோது சொல்ல வாய் வரவில்லை.

சின்னப் பற்றரியை அடுத்த கிழமை மாற்றினார்கள். குசினியில் எனக்கு முன்னால் நின்று அவர் அந்தச் செயலியை அழித்தார். அப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. என்னைத் தேடி வந்த அன்று, ஆட்கள் பெற்றோலுக்கு நிற்க, கதவைப் பூட்டிவிட்டுப் போனவர் என்று முதலாளி அவருக்குப் பிறகு ஷிப்ட் கொடுக்கவில்லை. வீட்டில் இருந்தார். நான் வேலையால் வரும்போது யன்னல் திரை அசையும்.

ஒரு மாலையில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது முதுகு சுள்ளென்று இழுத்தது. கரண்டியை வைத்துவிட்டு, "எனக்கு முதுகு நோகுது. கொஞ்ச நாளா நோகுது" என்றேன். அவர் பிசைந்துகொண்டிருந்த சோற்றை விட்டுவிட்டார். "அந்த விசயமோ?" என்றார். தெரியாது என்றேன். மற்றநாள் காலையில் அவரே டொக்டருக்கு போன் அடித்து, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் என் நோயின் பெயரை முழுதாகச் சொல்லி நேரம் எடுத்தார். அந்தச் சொல்லை அவர் குரலில் நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

ஸ்கான் முடிவு சொன்ன நாளில் அவர் அறைக்குள் வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, சில மாதம் கழித்துத் திரும்பவும் பார்ப்போம் என்றார் டொக்டர். நான் மூச்சை விட்டேன். அவர் மட்டும், "இப்போதைக்கு எண்டால் என்ன?" என்று டொக்டரிடம் மூன்று விதமாகக் கேட்டார்.

இப்போது அவரும் என்னோடு வேலைக்கு வருகிறார். வேலி வெட்டினால் கோணலாக வெட்டுவார். காலையில் எங்கே நோகிறது என்று கேட்பார், நானும் மறைக்காமல் சொல்லுவேன். சொன்னால் பாரம் குறையும் என்று ஆட்கள் சொல்லுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சொன்ன பிறகு அன்று முழுவதும் அவர் பேசாமல் இருப்பதையும் சேர்த்து நான்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. இருந்தாலும் அடுத்தநாள் காலையில் அவர் திரும்பவும் கேட்கிறார்.