உப்பில்லாமல் புறப்பட்ட கப்பல்

மழைக்காலத்தில் மரக்காணம் உப்பளத்தை முதல்முறையாகப் பார்க்கிறவர்கள் அதை ஏரி என்றுதான் நினைப்பார்கள். பாத்தி, வரப்பு எல்லாம் தண்ணீருக்கடியில் போய்விடும். பொங்கல் வரைக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அளத்தில் வேலை கிடையாது. "உப்பு தூங்கப் போயிருக்குது" என்று சொல்லிவிட்டு அப்பாவும் போர்வையை இழுத்துக்கொள்வார். 2005இல் மழை கொஞ்சம் ஆவேசமாகவே வந்தது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். முந்தைய வருஷத்துச் சுனாமி அலைக்குப் பிறகு கடல் பக்கமே போகக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ஆக, நானும் அண்ணனும் பெரியம்மா மகளான அக்காவும் வீட்டுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு கிடந்தோம்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. இரும்பை கிராமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் அவருக்குச் சமையலறை வேலை. மழைக்கு விருந்தாளிகள் வராததால் ஒரு வாரம் லீவு. சட்டைப் பையிலிருந்து ஒரு நீலக் காயை எடுத்துத் தரையில் உருட்டினார். தாயக்கட்டைக்குத் தம்பி மாதிரி இருந்தது, ஆனால் இருபது முகம். விடுதிக்கு வந்த பிள்ளைகள் ஆள் பற்றாமல் இவரைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த விளையாட்டாம். ஊருக்குப் போகும்போது காயையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எல்லாம் வாய்ப்பேச்சில் ஓடுகிற விளையாட்டு. மாமா ஒரு கப்பல் கதை சொல்வார்; கதைக்குள் நாங்கள் ஆட்கள். இப்போது என்ன செய்யப் போகிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். காயில் பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும், சின்ன எண் விழுந்தால் வம்பு. செத்தவர் செத்தவர்தான். கப்பல் கரை சேரும்வரை சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. மாமாவின் கதை போகிற போக்கைப் பார்த்தால், கரை சேர அவருடைய லீவு முழுவதும் ஆகும் போலிருந்தது.

டிபன் பாக்ஸ் மூடியில் மூன்று சீட்டுகளைக் குலுக்கிப் போட்டார். அண்ணனுக்குக் கேப்டன். அக்காவுக்கு மந்திரவாதி. எனக்குக் கப்பல் சமையல்காரி.

நான் அழுதேன். பதினோரு வயதில் வீட்டு வெங்காயத்தை உரிப்பது போதாது என்று, இரட்டைத் தலைத் திமிங்கலம் திரிகிற கடலிலும் நானேதான் உரிக்க வேண்டுமா?

"போ போ, கேப்டனுக்கு ஒரு டீ போட்டு எடுத்துனு வா" என்றான் அண்ணன்.

"ஏம்பா, ரொம்ப துள்ளாத" என்றார் மாமா. "கேப்டன் இல்லன்னாகூட ஒரு வாரம் தள்ளிடலாம். சமையக்காரி சரியில்லன்னா ரெண்டாம் நாளே கலவரம்."

இதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, மிரட்டலாகச் சொன்னாரா என்று புரியவில்லை. அழுகை மட்டும் நின்றுவிட்டது.

கப்பலில் நாற்பது மாலுமிகள். போதாததற்கு ஓர் ஒற்றைக்கண் ராட்சசன். எல்லோருக்கும் வேண்டிய சாமானை நான் எழுத வேண்டும். எழுதாதது கப்பலில் இருக்காது. அம்மா மளிகைக் கடைக்கு எழுதுகிற சீட்டு எனக்கு மனப்பாடம். அதே வரிசையில் அரிசி, பருப்பு, புளி, மிளகாய், மஞ்சள், எண்ணெய் என்று அடுக்கினேன். கருவாட்டைக் கையோடு சேர்த்துக்கொண்டேன். ராட்சசன் கொறிக்கத் தனியாக ஒரு மூட்டை பொட்டுக்கடலை. கேப்டன் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். கப்பல் புறப்பட்டது.

முதல் பந்தியிலேயே ராட்சசன் குழம்பைத் துப்பினான். மாமா தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு அவன் குரலில் கேட்டார்: "ஏம்மா சமையக்காரி, இதுல உப்பு எங்க?"

"அதெல்லாம் போட்டாச்சு."

"சீட்டுல எங்க இருக்குது, காட்டு."

நான்கு தடவை படித்தேன். இல்லை. எப்படி இருக்கும்? எங்கள் வீட்டில் உப்பு என்பது வாங்குகிற பொருளே இல்லை. பின்வாசலில் ஒரு பானை நிறைய எப்போதும் இருக்கும். குறைந்தால் அளத்திலிருந்து அம்மா கொண்டுவந்து கொட்டுவாள். அம்மாவின் மளிகைச் சீட்டில் உப்பு என்ற சொல்லை நான் கண்டதே கிடையாது. காற்று வேண்டும் என்று யாராவது கடைக்குச் சீட்டு எழுதுவார்களா?

"கருவாட்டுல உப்பு இருக்குது இல்ல மாமா?"

"அத ராட்சசன் பச்சையாவே தின்னுட்டான்."

மூன்றாம் நாள் மதியத்துக்குள் உப்புள்ள சோறு வராவிட்டால் சமையல்காரியைக் கடலில் தள்ளுவது என்று மாலுமிகள் முடிவு செய்தார்கள். அதற்குக் கேப்டன் சம்மதிக்க வேண்டுமாம். அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கேப்டன்னா நியாயமா இருக்கணும்" என்றான்.

அக்கா என்மேல் இரக்கப்பட்டு மந்திரம் போட்டாள். காயில் மூன்று விழுந்தது. உப்புக்குப் பதில் சர்க்கரை கொட்டியது. சர்க்கரை போட்ட புளிக்குழம்பைக் குடித்த ராட்சசன், மூன்றாம் நாள் வரைக்கும் எதற்கு, இப்போதே தள்ளலாம் என்றான்.

சுவரோரம் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருப்பதைவிட நிஜமாகவே செத்துப்போகலாம். கடைசியில் கத்தினேன்: "சுத்தி அவ்ளோ கடல் இருக்குது. நான் மேல்தட்டுலயே பாத்தி கட்டறேன்!"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கப்பல்லயா? எப்டி?"

"நாலு பக்கமும் பலகை அடிச்சு, தார்ப்பாய் விரிச்சு, கடல் தண்ணிய ஊத்தி."

"கப்பல் ஆடுமே. தண்ணி அலம்பினே இருந்தா உப்பு எப்டி புடிக்கும்?"

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. "ஆடட்டுமே" என்றபடி அம்மா மீன் கழுவிய கையோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். "மேல உப்பு ஆடை கட்டிச்சுன்னா நாங்க காலையில போயி பலகையால கலைச்சு வுடறோம். அங்க கப்பலே கலைச்சு வுடுது. அவுளுக்கு ஒரு ஆள் கூலி மிச்சம்."

"அப்டியே சுண்ட வுட்டு அள்ளிக்கலாமா அக்கா?" என்று அம்மாவைக் கேட்டார் மாமா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"அள்ளித் தின்னு பாரு, வாயெல்லாம் கசக்கும். உப்பு அடியில எறங்கினதும் மேல நிக்கிற தண்ணிய வடிச்சிடணும்டா."

"மூணு நாள்ல ஆவுமா?"

"ரெண்டு நாளு வெயில்ல வெச்சு, பாதியானத அடுப்புல ஏத்து. வெறவும் கம்மியா புடிக்கும்."

போர்வைக்குள்ளிருந்து அப்பா, "மொதல்ல தார்ப்பாய்ல ஓட்டை இருக்குதான்னு பாருங்க" என்றார். அக்கா உடனே ஓட்டையில்லாத தார்ப்பாய் ஒன்றை மந்திரத்தில் வரவழைத்தாள். இந்த முறை பதினாறு. கேப்டன்கூட நியாயத்தை மறந்து பலகை அடிக்க வந்துவிட்டான்.

நான் காயை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினேன். மாமா என் கையைப் பொத்திப் பிடித்தார். "இதுக்கு உருட்ட வேணாம் பாப்பா. நடக்குமா நடக்காதான்னு தெரியாததுக்குத்தான் காய். இது உங்களுக்குத் தெரிஞ்ச வேலை."

மூன்றாம் நாள் மதியம் ராட்சசன் ஏழு முறை சோறு வாங்கித் தின்றான். மாலுமிகள் என்னைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார்கள். வீட்டில் அந்த வேலையை அண்ணனும் அக்காவும் செய்தார்கள். பரண் கட்டையில் தலை இடித்ததுகூட எனக்கு வலிக்கவில்லை. மாமா தரையில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரித்தார், இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அம்மா ஈரக் கையால் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "இப்ப திருப்தியாடா உனுக்கு?" என்றாள். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

தோற்றுப்போன மனுஷனுக்கு என்ன திருப்தி என்று நான் கேட்கவில்லை. ஜெயித்தவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

என் கல்யாணப் பந்தியில் இலைக்கு உப்பு வைத்துக்கொண்டே வந்தபோதுதான் மாமா அதைச் சொன்னார். விடுதியில் சேர்ந்த முதல் வாரம் அவரையே சீட்டு எழுதச் சொல்லிச் சந்தைக்கு அனுப்பினார்களாம். இருபது சாமான் வந்தது, உப்பு வரவில்லை. உப்பளத்துக்காரனுக்கு உப்பு ஞாபகம் இல்லையா என்று அத்தனை பேரும் சிரித்தார்களாம். அந்த வாரக் கடைசியில் லீவில் வந்து அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். உப்பு வாங்காத வீட்டில் யார் எழுதினாலும் அது விட்டுப்போகும் என்று பார்க்கத்தான் சமையல்காரியைச் சீட்டு எழுதவைத்தாராம். நான் பிறக்கும் முன்பே அம்மாவோடு சேர்ந்து பத்து வருஷம் அதே அளத்தில் உப்பு வாரியவர் அவர். தண்ணீரை எப்போது வடிப்பது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நானோ, அளத்துக்குள் காலே வைக்காத ஒரு டவுன்காரரை அன்றைக்கு ஜெயித்துவிட்டதாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.