சூடாகாத ராதா

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் கேஸ் ஏஜென்சி கவுண்டரில் ராதாவைத் திட்டாத ஆளே கிடையாது. சிலிண்டர் வரவில்லை என்று வாய்க்கு வந்தபடி கத்துவார்கள். அவள் முகம் மாறாது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "சூடு சொரணை இல்லாதவ" என்று வீட்டில் அவள் மாமியார் அவள் காதுபடவே சொல்வார். அதற்கும் பேசாமல்தான் இருப்பாள்.

2001இல் ஏஜென்சி கைமாறியது. எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று. ராதாவின் கணவர் ஆதிகேசவன் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து படுத்திருந்தார். செல்போன் கம்பெனியில் கஸ்டமர் கேர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். அவளுக்கு அது கிடைத்தே ஆக வேண்டும்.

தேர்வு நடத்தியவர் மௌரீன் என்ற பெண் அதிகாரி. கோபக்கார வாடிக்கையாளர் மாதிரி போனில் திட்டுவார், நாம் சமாளிக்க வேண்டும். நான் இரண்டாவது வசவிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ராதா அசையவில்லை. மௌரீனுக்கு ஒரே சந்தோஷம்.

"யூ ஆர் ஸோ நான்ஷலன்ட், ராதா."

"அப்டீன்னா என்னா மேடம்?"

"எதுக்கும் அலட்டிக்காத ஆளு. பிரெஞ்சுலேர்ந்து வந்த வார்த்தை. முன்னாடி இருக்கிற 'நான்'னா இல்லைன்னு அர்த்தம். மிச்சத்துக்கு லத்தீன்ல வேர் பாத்தா, சூடா இருக்கிறது. சூடே ஆகாதவங்க."

பாராட்டு என்று எனக்கே புரிந்தது. வாங்கிக்கொண்டு போவாளா? முகம் சிவந்துவிட்டது அவளுக்கு.

"அப்டி சொல்லாதீங்க மேடம். எனக்கு சூடு இருக்கு. வீட்ல அடுப்பு எரியலன்னுதான் அவங்க கத்துவாங்க. எனக்கு வயிறு எரியும். அத அவங்க மேலயே கொட்டுனா சிலிண்டர் வந்துடுமா? அவங்க போனப்புறம் குடோன்காரன்கிட்ட நான் போட்ட சத்தம் இவளுக்குத் தெரியும், கேளுங்க."

கெட்டது காரியம் என்று நினைத்தேன். ஆனாலும் தலையாட்டினேன், அது உண்மை.

மௌரீன் பேனாவை மூடினார். "நான் திட்டுனப்போ என்ன தோணுச்சு?"

"யாருக்கு என்ன அவசரமோ, போன் வேலை செய்யலியே, பாவம்னு."

"அலட்டிக்காதவங்க எனக்கு நிறைய பேர் கிடைப்பாங்க. நீங்க திங்கக்கிழமை வந்துடுங்க."

சிவாஜிநகர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் ராதா விசும்பி விசும்பி அழுதாள். எனக்கு வேலை கிடைக்காத எரிச்சல் இல்லை என்றால் பொய். ஆனாலும் அவளைப் பார்க்க மனசு நிறைந்துவிட்டது.

"வீட்ல என்னாடி சொல்லப்போற?" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சண்ட போட்டு வாங்குனேன்னு சொல்லுவேன்."