எவ்தோக்கியாவை மறைத்த வேலி

வெலிசார் போட்ட வேலியைப் பார்த்துத் தெருவே சிரித்தது. தான்யூப் நதித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எவ்வளவு பெரிய இரும்பையும் நூல் பிடித்தாற்போல் இறக்கி வைப்பார் என்று பெயர். அப்படிப்பட்ட மனிதர் கட்டிய வேலி கோணல்மாணலாக நின்றது. துருப்பிடித்த தகரம், யாரோ தூக்கியெறிந்த அலமாரிக் கதவு, லாரித் தார்ப்பாய், நடுவே கண்ணாடி இல்லாத ஒரு கார் கதவு. அந்த ஓட்டையையும் விடாமல் சாக்கு வைத்து அடைத்திருந்தார்.

அதுவரை அவருக்கும் பக்கத்து வீட்டு ஸ்லத்காவுக்கும் நடுவே ஒரு திராட்சைப் பந்தல்தான் இருந்தது. இலையுதிர் காலத்தில் வெலிசாரின் மனைவி எவ்தோக்கியாவும் ஸ்லத்காவும் அதனடியில் அடுப்பு மூட்டிக் குடைமிளகாய் சுடுவார்கள். ஊரில் இருந்த ஒரே முடிதிருத்தும் நிலையம் எவ்தோக்கியாவுடையது. ஸ்லத்காவுக்குக் கல்யாணக் கொண்டை போட்டவள் அவள்தான். குப்பை கொட்டப் போனாலும் தலை வாரி, உதட்டுக்குச் சாயம் பூசித்தான் வாசல் தாண்டுவாள்.

அவளுக்கு மறதி வந்தபோது முதலில் சாவிகள் தொலைந்தன. பிறகு பெயர்கள். தெளிவாக இருந்த ஒரு மாலையில் அவள் வெலிசாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எப்படி ஆகப்போறேன்னு எனக்குத் தெரியும். எங்கம்மாவையே பாத்திருக்கேன். யாரும் என்னை அப்படிப் பாக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

வெலிசார் சத்தியம் செய்தார்.

அடுத்த கோடையில் அவள் உடம்பில் துணி நிற்கவில்லை; உடுத்திவிட்டதையெல்லாம் கழற்றி எறிந்தாள். வீட்டுக்குள் அடைத்தால் கதவை அறைந்து அழுதாள். முற்றத்துக்கு விட்டால் சாந்தமானாள். சீப்பைக் கண்டாலே அலறியதால் அவரே கத்தரிக்கோலை எடுத்து அவள் தலைமுடியை ஒட்ட வெட்டினார். வெட்டிய முடியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் கிடைத்த தகரத்தையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே இது, ஆத்துல அடிச்சிட்டு வந்த குப்பையெல்லாம் என் வாசல்ல நிக்குது?" என்றாள் ஸ்லத்கா. அவள் மாடி அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கிய வருடம் அது. சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, சன்னலுக்குச் சன்னல் பூத்தொட்டி வைத்திருந்தாள்.

"என் இடத்துல நிக்குது."

"அக்கா எங்க? அக்காகிட்ட பேசிக்கிறேன்."

"மகன் வீட்டுக்குப் போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

"வரும்போது வருவா."

ஸ்லத்கா பணிந்து கேட்டுப் பார்த்தாள். நல்ல பலகை வாங்கித் தருகிறேன் என்றாள். பலகைக்கு இடையே சந்து விழும் என்பது அவர் கவலை. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. "வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். கோபத்தில் அவள் பந்தலில் தன் பக்கத்துக் கொடிகளை வெட்டிப் போட்டாள். பிறகு நகராட்சிக்கு மனு கொடுத்தாள்.

விசாரிக்க வந்த அதிகாரி இளைஞர், நல்ல மாதிரி. "பெரியவரே, ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க. வீட்ல நோயாளி யாராச்சும் இருக்காங்களா? எழுதிக் கொடுத்தா நான் தள்ளிப் போடறேன்."

வீட்டுக்குள் எவ்தோக்கியா மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். வெலிசார் தொண்டையைச் செருமினார்.

"யாரும் இல்ல. பூனை."

செப்டம்பரில் ஆட்கள் வந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல், அவர் ரொட்டி வாங்கப் போயிருந்த நேரத்தில். தகரம் விழும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பையைப் போட்டுவிட்டு அவர் ஓடி வருவதற்குள் பாதி வேலி லாரியில் ஏறியிருந்தது. ஸ்லத்கா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். முற்றத்து நாற்காலியில் எவ்தோக்கியா. மேலே ஒரு துண்டு, வேறொன்றுமில்லை. எலும்பாய் இளைத்த தோள், கரடுமுரடாக வெட்டிய வெள்ளைத் தலை.

ஸ்லத்காவின் கை இடுப்பிலிருந்து நழுவியது. எவ்தோக்கியா எழுந்து மெல்ல நடந்து வந்து அவள் கூந்தலைத் தொட்டாள். விரலிடுக்கில் நுனியைப் பிடித்துப் பார்த்தாள்.

"யாருடி உனக்கு இப்படி வெட்டினது? நாளைக்குக் கடைக்கு வா. சரி பண்ணித் தரேன்."

"வரேன்க்கா," என்றாள் ஸ்லத்கா. தன் மேலங்கியைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினாள். பிறகு ஆட்களைப் பார்த்துக் கத்தினாள்: "போதும், நிறுத்துங்கடா! எடுத்ததைத் திரும்ப வைங்க!"

உத்தரவு உத்தரவுதான் என்றார்கள். மிச்சத்துக்கு நாளை வருவோம் என்று கிளம்பினார்கள். அவர்களை வரவிடாமல் தடுக்க அன்றே மனுவைத் திரும்பப் பெற்றாள் ஸ்லத்கா. வேலி விழுந்த இடத்தில் கயிறு கட்டி, பயணிகளுக்காக வைத்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டாள். மழை நனைத்தால் மாற்றினாள்.

"அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்று விரிப்புக்கு அந்தப் பக்கமிருந்து அழுதாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவ சொன்னா. உன்கிட்டயும்தான்." சற்று நின்று, "உன்கிட்ட முக்கியமா," என்றார்.

எவ்தோக்கியா ஜனவரியில் நுரையீரல் காய்ச்சலில் இறந்தாள். வாசலில் ஒட்டும் இரங்கல் தாளுக்கு, அலையலையாய்த் தலை வாரிய பழைய படத்தைக் கொடுத்தார் வெலிசார். அடக்கத்துக்கு வந்த பெண்கள், கடைசிவரை அக்கா அழகாகவே இருந்திருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். ஸ்லத்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் கண்டதை எவரிடமும் சொல்லவில்லை.

பனி உருகியதும் மிச்ச வேலியை அவரே பிரிக்கத் தொடங்கினார். சத்தம் கேட்டு ஸ்லத்கா வெளியே வந்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும்ணே. எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

"யாரை மறைக்க?" என்றார் அவர்.

அவள் தகரத்தின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலில் அடுக்கினார்கள். கார் கதவு மட்டும் கனத்தது. இரண்டு தடவை இறக்கி வைத்துத்தான் கொண்டுபோக முடிந்தது. வேலை முடிந்தபோது இரண்டு முற்றமும் ஒன்றாய்த் திறந்து கிடந்தன.

"காபி போடட்டுமா?"

"இன்னிக்கு வேண்டாம்மா."

அவர் கையிலிருந்த துருவைக் குழாயடியில் கழுவினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.