சிவப்பு மிதவை கட்டியவர்

தன் வலையின் மிதவைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, யாருக்கும் தெரியாமல் கடலில் விட்டுவந்தவர் அவர். மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் மிதவை தங்குவதில்லை என்பதுதான். "அதையும் பொரிச்சுத் தின்னுடுறீங்களா?" என்பாள். அவர் சிரித்துக்கொள்வார்.

பழைய சண்டைக் காலத்தில் கொட்டிய குண்டுகள் அந்தக் கடலடியில் துருவேறிக் கிடந்தன. எப்போதாவது வலையில் ஏறி வரும். வந்தால் வலையை அறுத்து அங்கேயே விட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்புவார்கள் படகுக்காரர்கள். துறைமுக ஆபீசுக்குத் தெரிந்தால் மாதக்கணக்கில் கடலை அடைத்துவிடுவார்கள். அத்தனை வீட்டு அடுப்பும் அணைந்துபோகும். அவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அறுத்துவிட்ட இடத்தில் ஒரு சிவப்பு மிதவையை நிறுத்திவிட்டு வருவார். கீழே யாருடைய வலையோ கிடக்கிறது என்று மற்றவர்கள் விலகிப் போவார்கள்.

மனைவியின் தம்பி மட்டும் வேறு கணக்குப் போட்டான். சாப்பாட்டில் கை வைத்தபடியே சொன்னான், "அக்கா, மாமா சரியான ஊமைக்கோட்டான். மீன் கூடுற எடத்துல எல்லாம் அடையாளம் வச்சிருக்கார். நம்மகிட்ட மூச்சு விடமாட்டார்."

"அங்க போகாத மச்சான். வலை கிழியும்."

"உங்க வலை மட்டும் இரும்புல பின்னினதா மாமா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். தம்பி வாயில் எதுவும் நிற்காது. சொன்னால் மறுநாளே ஆபீஸ் வரைக்கும் போய்விடும் என்று பயம். அந்தப் பயத்தை மட்டும் ஆண்டவன் அவருக்குக் கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் தம்பியின் படகைத் துறையில் காணோம். அவர் பின்னாலேயே விரட்டிப் போனார். மிதவைக்குப் பக்கத்தில் தம்பி, மீன் பாரம் என்று பல்லெல்லாம் தெரிய வலையை இழுத்துக்கொண்டிருந்தானாம். வலை இழுக்கும் சக்கரத்தில் சிக்கிக்கொள்ள, குண்டு படகின் விலாவில் இடித்தபடி தொங்கியது. அவனைத் தன் படகுக்கு மாற்றி, தூரமாகப் போகச் சொல்லிவிட்டு, இவர் அவன் படகில் தனியாக நின்று வலையை அறுத்தார். பாதி அறுப்பதற்குள் வெடித்துவிட்டது.

தம்பி கரைக்கு வந்து அக்காவின் காலில் விழுந்து கிடந்தான். அவள் அவனை ஒரு சொல் ஏசவில்லை. எடுத்துவர அவர் உடலில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடலையும் அடைத்துவிட்டார்கள்.

அவளுக்கு இன்றும் அந்தக் காலை நேரத்து வாசல்தான் கண்ணில் நிற்கிறது. பாதி குடித்த டீயை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். இரண்டடி போய்த் திரும்பினார்.

"மச்சான்கிட்ட இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிடுறேன். நேத்தே சொல்லியிருக்கணும். டீயை மூடி வை, வந்து உனக்கும் சொல்றேன்."